கூட்டுக்குடும்பம் பற்றிய விடை எங்கே தவறுகிறது?

சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் சமூகவியலைத் தமிழில் எழுதுகிறவர்களுக்குக் குடும்பம் பழகிய பாடமாகத் தோன்றும். மதிப்பெண் போவதும் அங்கேதான். "நகரமயத்தால் கூட்டுக்குடும்பம் உடைந்தது" என்று முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

குஜராத்தின் மஹுவா ஊரை ஆராய்ந்த சமூகவியலாளர் ஐ.பி. தேசாய் (1964) ஒரே கூரையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளவில்லை. சொத்தையும் ஒருவருக்கொருவர் செய்யும் கடமையையும் சேர்த்துப் பார்த்தார். ஏ.எம். ஷா (1973) உறவால் ஆன குடும்பம் வேறு, ஒன்றாக வாழ்ந்து ஒரே உலையில் உண்ணும் குடித்தனம் வேறு என்று பிரித்தார். தமிழில் இரண்டையும் குடும்பம் என்றே சொல்வதால் விடை குழம்புகிறது. 'குடித்தனம்' என்ற சொல்லை முதல் பத்தியிலேயே வரையறுத்துவிடுங்கள்.

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு தறி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் கீழே, தம்பி மாடியில், உலை தனித்தனி. தறி அப்பா பெயரில், நூல் கடன் பொது, குலதெய்வப் படையல் ஒன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொதுச் சமையலே எல்லை என்பதால் இது இரண்டு குடித்தனம். தேசாயின் அளவுகோலில் கூட்டு இன்னும் அறவில்லை.

தெரிந்த பத்து வீடுகளை இப்படிக் குறித்துப் பாருங்கள். உலை ஒன்றா, பத்திரம் யார் பெயரில், கல்யாணச் செலவு யார் தலையில், பெரியவர்களின் மருந்துக்குப் பணம் தருவது யார்? மகன் கல்யாணம் ஆன ஆண்டும் தகப்பன் இறந்த ஆண்டும் முக்கியம். குடித்தனம் விரிந்து பிரிந்து மறுபடி விரியும், ஒருநாள் கணக்கை வைத்து மாற்றம் என்று சொல்ல முடியாது. இரண்டு வீடுகள் ஏற்காட்டு மலையாளி பழங்குடியினருடையதாக இருக்கட்டும். சமவெளி வழக்கத்தை அவர்கள்மேல் ஏற்றி எழுதுவது பெரும்பிழை.

சராசரி குடும்ப அளவு குறைந்ததைச் சிதைவுக்குச் சான்றாகக் காட்டாதீர்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழகத்தின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள், 1.8. பிள்ளைகள் குறைந்தால் கூட்டுக்குடும்பமும் சிறுக்கத்தான் செய்யும்.

தந்தைவழி ஆதிக்கம் பற்றிய கேள்விக்கு பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் நல்ல சான்று. அதை நலத்திட்டமாக மட்டும் எழுதிவிட்டு நகராமல், சொத்துரிமை, வரதட்சணையோடு இணையுங்கள்.

ஒரு தாளுக்கு மூன்று மணி நேரத்தில் 250 மதிப்பெண். 20 மதிப்பெண் கேள்விக்கு 14 நிமிடம்தான். ஆய்வாளர்களுக்கு நான்கு வரி போதும். மிச்சத்தைத் தறி வீட்டுக்குக் கொடுங்கள்.