காலிமுகத்திடலில் இருந்து இரவுக் கப்பல்கள்

கொழும்புத் துறைமுகத்துக்குள் அனுமதியில்லாமல் கமராவோடு போக முடியாது. இரவில் கப்பல்களைப் படமெடுக்க, கொழும்பின் கடலோரத் திடலான காலிமுகத்திடலே போதும், நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்கள் கடலில் தெரியும்.

சூரியன் மறைந்து 15 முதல் 25 நிமிடம் வரைதான் அருமையான நேரம். வானில் நீலம் மிச்சமிருக்கும், கப்பலின் உருவம் அதில் பிரிந்து தெரியும். பிந்தினால் விளக்குகள் மட்டுமே மிஞ்சும். நங்கூரத்தில் நிற்கும் 100 மீற்றருக்குக் குறையாத கப்பல்கள் மேல்தளத்துக்கு ஒளியூட்ட வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்த வெளிச்சத்தை நம்பித்தான் படம்.

பலர் விடும் பிழை, கமராவின் ஷட்டரை 20 செக்கன் திறந்து வைப்பது. முக்காலி அசையாது, கப்பல் அசையும்: அலையில் ஏறி இறங்கும், நங்கூரத்தைச் சுற்றி மெல்லத் திரும்பும். விளக்குகள் புழுக்களாக நெளிந்துவிடும். 200 மி.மீ. லென்ஸில் அரை செக்கன், எஃப் 4 (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஐஎஸ்ஓ 1600 (ஒளியுணர்திறன்) என்று தொடங்குங்கள். கொஞ்சம் மணல்மணலாக வந்தால் வரட்டும். கலங்கலை விட அது மேல். தளவிளக்கில் ஃபோகஸ் பிடித்து, அது மாறிவிடாதபடி உடனே ஃபோகஸை மனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள், லென்ஸ் வியர்க்கும். அரை மணிநேரம் பொறுக்கவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் உப்புப் படலம் ஒவ்வொரு விளக்கையும் புகைவளையமாக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறும். முதலில் ஊதி, பிறகு ஈரத்துணி.