ஓரணா மதியச் சோறும் நாற்பது வருடக் கவுன்சிலரும்

திங்கட்கிழமை காலை பிரேயரில்தான் பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். மற்ற நாட்களில் அவ்வளவாக இருக்காது. சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லை, சத்துணவும் இல்லை. ஞாயிறு இரவு வீட்டில் என்ன இருந்ததோ அதோடு மறுநாள் காலை வந்து வெயிலில் நிற்பார்கள். ‘நீராருங் கடலுடுத்த’ முடிவதற்குள் வரிசையில் ஓர் இடம் காலியாகும்.

வடசென்னையில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்து 2024-ல் ஓய்வு பெற்றேன். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. விழுந்தவனைத் தூக்கி வராந்தாவில் உட்காரவைத்து, எதிர்க்கடையில் பன்னும் டீயும் வாங்கிவரச் சொன்னேன். பன்னை டீயில் தொட்டு, பாதியை மெதுவாகத் தின்றான். அப்புறம் மீதிப் பாதியைக் கையில் மூடி வைத்துக்கொண்டு, "மத்தியானம் சோறு உண்டுல்ல டீச்சர்?" என்று கேட்டான். "உண்டுடா" என்ற பிறகுதான் அந்தப் பாதியையும் வாயில் போட்டான்.

அன்றைக்கு அவனிடம் தைரியமாக ‘உண்டு’ என்று சொல்ல முடிந்ததே, அதற்கு நம் ஊரில் ஒரு தொடக்கம் இருக்கிறது. பெருந்தலைவர் காமராசரின் மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும் எல்லோருக்கும் தெரியும். அதற்கும் முன்னால், 1920 செப்டம்பரில், சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியம் உணவு கொடுக்க வேண்டும், செலவு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது. அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். மன்றத்தில் அவர் கொடுத்த விளக்கம் ரொம்பச் சாதாரணமானது: அந்தப் பள்ளியில் படிப்பவர்கள் ஏழைப் பிள்ளைகள், அதனால் எண்ணிக்கை அடிக்கடி குறைந்துபோகிறது. வருகைப் பதிவேட்டைத் தினமும் பார்ப்பவர் பேசும் பேச்சு அது. முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் தலைமையாசிரியரிடம் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்ததும் இதே வார்த்தைகள்தான்.

நான் பிறந்து வளர்ந்தது வண்ணாரப்பேட்டை. என் அண்ணன் படித்தது தியாகராயர் கல்லூரி. சின்ன வயதில் எங்களுக்கு அது ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர், அவ்வளவுதான். தியாகராய நகர் என்ற பெயரும் அவரிடமிருந்துதான் வந்தது. அது ‘டி.நகர்’ ஆகி, இன்று துணிக்கடைப் பையில் அச்சடித்த முகவரியாக நிற்கிறது.

மனிதர் நெசவுத் தொழில் செய்த குடும்பத்தில் 1852-ல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். சொந்தமாகத் தறிகள் போட்டு நெசவாலை நடத்தினார். 1882-ல் சென்னை நகராட்சி மன்றத்துக்குள் நுழைந்தவர், ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கேயே உறுப்பினராக இருந்தார். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் வரவில்லை என்று சொல்வார்கள். நாற்பது வருடம் என்றால் சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு, வீட்டு வரி, அம்மைத் தடுப்பு என்று ஊரின் எல்லாத் தொல்லையும் அவர் காதில் விழுந்திருக்கும். அன்றைக்கு எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. வரி கட்டும் வசதி உள்ளவர்கள்தான் ஓட்டுப் போட முடியும். தலைவரையும் அரசாங்கமே வெள்ளைக்கார அதிகாரியாகப் பார்த்து உட்காரவைக்கும். 1919-ல் புதிய சட்டம் வந்த பிறகுதான் உறுப்பினர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் தியாகராயர்.

மன்றத்துக்குள் அவருக்குப் பெரிய எதிரணி டாக்டர் டி.எம். நாயர். அவரும் உறுப்பினர், மருத்துவர், பேச்சில் கில்லாடி. இருவருக்கும் ஒத்தே வராது. அப்படிப்பட்ட இரண்டு பேரை டாக்டர் நடேசனார் பேசிப் பேசி ஒன்றாக உட்காரவைத்தார். 1916-ல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது அப்படித்தான். அவர்கள் நடத்திய ‘ஜஸ்டிஸ்’ நாளேட்டின் பெயரே கட்சிக்கும் ஒட்டிக்கொண்டது, நீதிக்கட்சி என்று. தியாகராய நகரில் இன்றும் நாயர் பெயரில் ஒரு சாலையும் நடேசனார் பெயரில் ஒரு பூங்காவும் இருக்கின்றன. மூன்று பேரும் ஒரே பேட்டையில் இருப்பது எனக்கு நிறைவாக இருக்கிறது.

1920 நவம்பரில் மாகாணத் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் புறக்கணித்தது, நீதிக்கட்சி ஜெயித்தது. ஆளுநர் வில்லிங்டன் கட்சித் தலைவரான தியாகராயரை ஆட்சி அமைக்கக் கூப்பிட்டார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சரானார். அடுத்த வருடமே அந்த இடத்துக்குப் பனகல் அரசர் வந்தார். தியாகராயர் மாநகராட்சித் தலைவர் நாற்காலியை விடவில்லை. மாகாணத்தையே ஆளும் பதவியைத் தள்ளிவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தின் ஓரணாக் கணக்குப் பார்க்கும் இடத்தில் இருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது. மேலே போவதுதான் வளர்ச்சி என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். அவர் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

ஆயிரம் விளக்கில் தொடங்கிய மதிய உணவு இன்னும் நாலு பள்ளிகளுக்குப் பரவியது. ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23-ல் 811 ஆக இருந்த பிள்ளைகள் 1924-25-ல் 1,671 ஆனார்கள். இரண்டே வருடத்தில் இரண்டு மடங்கு! ஓரணாச் சோற்றுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்ய முடியாது என்று வெள்ளைக்கார அரசு கையை விரித்தது. 1925 ஏப்ரலில் உணவு நின்றது. அதே வருடம் தியாகராயரும் காலமானார். அந்த 1,671 பேரில் எத்தனை பேர் அடுத்த மாதமும் வந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சரி, என் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அதற்கான அரசாணையே 1920-ம் வருடத் தீர்மானத்தை எடுத்துச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒன்பதரைக்குக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வரும் பிள்ளைகள், எட்டு மணிக்கே தலையில் ஈரம் சொட்டச் சொட்ட வாசலில் நிற்பதை என் பணிக்காலத்தில் அப்போதுதான் பார்த்தேன். திங்கட்கிழமை உப்புமா. தட்டில் சாம்பார் ஊற்றியதும் சுற்றிலும் விரலால் அணை கட்டி, நடுவில் குளம்போலத் தேக்கி, கரையை ஒரு பக்கமாக உடைத்து உடைத்துச் சாப்பிடுவாள் ஒரு பெண்குழந்தை. தட்டைக் கழுவப் போவதற்கு முன் என்னிடம் காட்டிவிட்டுத்தான் போவாள். ஒரு பருக்கை இருக்காது. நான் ஓய்வு பெறும் வரைக்கும் பிரேயரில் பிறகு யாரும் விழவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு தேர்தல் வேலை. 2022 பிப்ரவரி 19 அன்று சென்னையின் 200 வார்டுகளுக்கும் வாக்குப்பதிவு. ஆசிரியர்களுக்குப் பூத் பணி போட்டிருந்தார்கள். எனக்கு விரலில் மை வைக்கும் வேலை. காலை ஏழு மணிக்கு மை பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து மணிக்குக் கொஞ்சம் கூட்டம். அப்புறம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குச் சென்னையில் 100 பேருக்கு 44 பேர்கூட ஓட்டுப் போடவில்லை. சட்டமன்றத் தேர்தல் என்றால் வெயிலில் வரிசை கட்டி நிற்கும் நம் ஜனம், கவுன்சிலர் தேர்தல் என்றால் ஞாயிறோடு சேர்த்துக் கிடைத்த லீவாக எடுத்துக்கொள்கிறது. எனக்கு அன்று உண்மையிலேயே மனசு வலித்தது. பிள்ளைகளின் பசியைப் பற்றி இந்த ஊரில் முதல் தீர்மானம் போட்டது ஒரு கவுன்சில்தானே!

மத்தியானம் மூன்று மணி இருக்கும். மீன் விற்கும் அம்மா ஒருவர் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். இடது கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு நீட்டினார். ஈர விரலில் மை பரவியது. மறுபடியும் துடைக்கச் சொல்லி வைத்தேன். "பெரிய எலக்‌ஷனுக்கு வராட்டியும் இதுக்கு வந்துருவேம்மா" என்றார். "ஏன்?" என்று கேட்டேன். "இவங்க வூடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். தண்ணி வரலைன்னா போய் நிப்பேன்" என்று சொல்லிவிட்டு, ஓட்டுப் போட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார்.