அயர்லாந்துப் பண்ணையில் டிரம் மோவர்: வேலூர் பக்கத்து டிராக்டர்காரர்களுக்கு

குடியாத்தம், ஆரணி பக்கம் டிராக்டர் ஓட்டிப் பழகி அயர்லாந்துக்குப் பண்ணை வேலைக்கு வருகிறவர்களுக்கு வண்டி புதிதல்ல. புல்லும் வானமும்தான் புதிது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் வேர்க்கடலைக் கொடியைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம், தானாகக் காயும். இங்கே ஜூன், ஜூலையில் சேர்ந்தாற்போல் நான்கைந்து நாள் மழையில்லாமல் கிடைப்பதே பெரிது. அந்த நாளில்தான் தீவனப் புல்லை வெட்டி, காயவைத்து, கட்டாகக் கட்ட வேண்டும்; மெஷின் மக்கர் பண்ணக்கூடாது. அதனால் மோவரை, அதாவது புல் வெட்டும் மெஷினை, முந்தின வாரமே பார்த்துவிட வேண்டும்.

சிறு பண்ணைகளில் அதிகம் இருப்பது 1.65 மீட்டர் வெட்டும் இரண்டு டிரம் மெஷின். டிரம்முக்கு மூன்று பிளேடு. டிரம்கள் எதிரெதிராகச் சுற்றி, வெட்டிய புல்லை நடுவில் வரிசையாகத் தள்ளும்.

முதலில் பிளேடு. அது பின்னில் தாராளமாக ஆட வேண்டும். இறுகிப்போனால் கல் பட்டதும் மடங்காமல் உடையும். பின்னும் ஓட்டையும் தேய்ந்திருந்தால் ஓடும்போதே கழன்று பறக்கும், சுற்றியிருக்கிற கித்தான் திரைக்கு வேலை அதுதான். கிழிந்த திரையோடு ஓட்டாதீர்கள். ஒரு பிளேடு போனாலும் அந்த டிரம்மின் மூன்றையும் மாற்றுங்கள்; எடை மாறினால் அதிர்வு, அதிர்வினால் பேரிங் காலி. தட்டை பிளேடைத் திருப்பிப் போட்டு மறுமுனையையும் பயன்படுத்தலாம். முறுக்கு பிளேடு அப்படியல்ல, இடது வலது பார்த்துத்தான் போட வேண்டும்.

வி பெல்ட் தளர்ந்தால் ரப்பர் கருகும் நாற்றம் வரும், புல் வெட்டாமல் கிழியும். ஒன்று அறுந்தால் எல்லாவற்றையும் செட்டாக மாற்றுங்கள். புதிதும் பழசும் சேர்ந்தால் புதிதே எல்லாச் சுமையையும் இழுக்கும். டிரம்முக்கு அடியிலுள்ள சறுக்குத் தட்டு கையால் தள்ளினால் சுற்ற வேண்டும். டிராக்டர் இன்ஜினிலிருந்து மோவருக்குச் சுழற்சி தரும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டுகளுக்கு எட்டுப் பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ். தோளில் துண்டு, இடுப்பில் லுங்கியோடு அந்த ஷாஃப்ட் பக்கம் போகவே கூடாது; அது வினாடிக்கு ஒன்பது சுற்று சுற்றுகிறது. அடியில் கை விடுமுன் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, டிரம் நிற்கும்வரை காத்திருங்கள். பி.டி.ஓ.வை நிறுத்திய பிறகும் டிரம் வெகுநேரம் சுற்றும். தூக்கிய மோவருக்கு முட்டுக்கொடுக்காமல் ஹைட்ராலிக்கை நம்பாதீர்கள்.

ஓட்டும்போது குறைந்த வேகத்தில் பி.டி.ஓ. போட்டு, நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு ஏற்றிய பிறகே புல்லுக்குள் நுழையுங்கள். புல்லுக்குள் நுழைந்து வேகம் ஏற்றினால் அடைத்துக்கொள்ளும். மோவரை டிராக்டரோடு மேலே இணைக்கும் டாப் லிங்க் கம்பியைச் சுருக்கினால் டிரம் முன்பக்கம் சாய்ந்து தாழ வெட்டும். மண்ணைச் சுரண்டினால் பிளேடு மழுங்கும், புல்லிலும் மண் சேரும். ஏழெட்டு சென்டிமீட்டர் அடிக்கட்டை விட்டால் மறுதாம்பு சீக்கிரம் வரும். மோவர் வலப்பக்கம் தொங்குவதால், முதல் சுற்று கடிகாரத் திசையில். வேலியோரம் டயர் மிதித்த பட்டையைக் கடைசியில் எதிர்த்திசையில் வந்து வெட்டுங்கள். நடுவில் வெட்டாத கோடு விழுந்தால் பிளேடு தேய்ந்திருக்கும், அல்லது வண்டி வேகம் அதிகம்.

டிரம் விட்ட வரிசை அடர்த்தியானது, அப்படியே விட்டால் அடிப்பக்கம் காயாது. வெட்டிய சில மணி நேரத்தில் புல்லை உதறிப் பரப்பும் டெட்டர் மெஷினால் விரித்துவிடுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஈரம் மிகுந்தால் உள்ளே சூடேறிக் கொட்டகையே எரியலாம். ஈரமானி இல்லையென்றால் தண்டின் கணுவை நகத்தால் சுரண்டுங்கள். சாறு கசிந்தால் கட்டாதீர்கள்.