பைசனுக்குச் சாம்பல் நிறம்

செப்டம்பர் 27, 2025, சனி

நேற்று சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்துவிட்டார்கள். ஆபீஸில் போனில்தான் பார்த்தேன். விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங்கே ஒன்றை ஓட்டினார். 1963இல் இதே சண்டிகரில், 28ஆம் ஸ்குவாட்ரனில் தொடங்கியது இதன் வாழ்க்கை. ஒலியை மிஞ்சும் வேகத்தில் நம் விமானப்படையில் பறந்த முதல் போர் விமானம். அறுபத்திரண்டு வருடம்.

இரவு மாமாவுக்குப் போன் போட்டேன். விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடலைப் பராமரிப்பவராக இருபது வருடம், அதில் பாதிக்கு மேல் மிக்-21தான். நிறையப் பேசுவார் என்று நினைத்தேன். “கடைசியா நல்லா இறங்குச்சு மாப்ள” என்றார். அப்புறம் அத்தையிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

காக்பிட் முடித்து, உடலை ஒட்டி, இரண்டு மாதமாகப் பெட்டியிலேயே கிடந்த பைசனை, 1/48 அளவுப் பிளாஸ்டிக் மாடலை, இன்று வெளியே எடுத்தேன். பைசன் என்பது மிக்-21 பிஸ் ரகத்தைப் புதுப்பித்த வடிவம். நிஜத்தில் றெக்கையின் முழு அகலம் 7.15 மீட்டர், என் மேஜையில் பதினைந்து சென்டிமீட்டர். தீபாவளிக்குள் பெயிண்ட் முடிக்க வேண்டும். மாமா தீபாவளிக்கு இங்கேதான் வருகிறார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பகல் முழுக்கப் பட்டி வேலை. உடலின் இரண்டு பாதியும் சேரும் கோடு முதுகு நெடுக ஓடுகிறது. பட்டி வைத்து, 600, 1000, 1500 என்று வாட்டர் பேப்பரில் தேய்த்தேன். தேய்க்கும்போது அழிந்துபோன பேனல் கோடுகளை (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள்) ஊசியால் மறுபடி கீறினேன். வேறு எழுத ஒன்றுமில்லை. விரல் நுனி மரத்துப்போயிருக்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கம்ப்ரசர், ஏர்பிரஷ், கத்தி, இடுக்கி எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையோடு சாமி முன்னால் வைத்தாயிற்று. இன்று எதையும் தொடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்.

சாயங்காலம் தெருமுனைப் பட்டறையில் பூசணிக்காய் உடைத்தார்கள். அங்கே லாரிக்கும் வேனுக்கும் பெயிண்ட் அடிக்கும் அண்ணன் எனக்குப் பல வருடப் பழக்கம். தின்னர், பிரைமர், பட்டி என்று நான் கற்றதில் பாதி அவரிடம் கற்றது. பைசனைக் கொண்டுபோய்க் காட்டினேன். பிரைமர் போட்ட உடலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “வால்கிட்ட ஒரு அலை இருக்கு தம்பி” என்றார். என் கண்ணுக்குத் தெரியவில்லை. விரலை வைத்தேன், இருந்தது. நாளை மறுபடி தேய்க்க வேண்டும்.

அக்டோபர் 4, சனி

முதலில் கருப்பு. உடல் முழுக்க மெல்லிய கருப்புக் கோட்டு அடித்துக் காயவைத்தேன். அதன் மேல்தான் சாம்பல் வரப்போகிறது. ஆனால் ஒரே சீராக அல்ல. ஏர்பிரஷை ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு பேனலுக்குள்ளும் கிறுக்கல் கிறுக்கலாக அடித்துக்கொண்டே போக வேண்டும். பேனல் நடுவில் அடர்த்தியாக, ஓரத்தில் கருப்பு லேசாகத் தெரிகிற மாதிரி. கடைசியில் மிக நீர்த்த சாம்பலை முழுவதும் ஒரு கை விட்டால் எல்லாம் இணங்கி வரும். வெயிலில் கிடந்து வெளுத்த உலோகத்தில் எந்த இடமும் பக்கத்து இடத்தைப் போல இருக்காது. அந்த வேறுபாட்டைத்தான் பிடிக்கப் பார்க்கிறோம்.

மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கியதுதான் தப்பு. பெயிண்ட் ஊசி முனையிலேயே காய்ந்து கட்டியது. அடித்தது தூள் தூளாக விழுந்து, தொட்டால் உப்புத்தாள் போல் சொரசொரத்தது. பட்டறைக்குப் போனேன். “வெயில் நேரத்துல வெறும் தின்னர் போட்டா பெயிண்ட் காத்துலயே காஞ்சிரும். ரெண்டு சொட்டு ரிட்டார்டர் விடு, காத்தக் கொறச்சுக்க” என்றார் அண்ணன். பெயிண்ட் காய்வதை மெதுவாக்கும் அந்த ரிட்டார்டரை விட்டேன், காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். பால் பதத்தில் வந்தது. சொரசொரப்பைத் தேய்த்துவிட்டு இரவு பதினொரு மணிவரை இடது றெக்கை.

சாம்பலில் நாலில் ஒரு பங்கு வெள்ளை கலந்திருக்கிறேன். நிஜ விமானத்தின் நிறத்தை அப்படியே பூசினால் இந்த அளவில் கறுத்துத் தெரியும். ஐம்பதடி தள்ளி நிற்பதைப் பார்க்கும்போது நடுவில் இருக்கும் காற்று நிறத்தை வெளுக்கச் செய்யும் என்பார்கள் மாடல் செய்பவர்கள். மேஜைமேல் அந்தக் காற்று இல்லை, அதையும் நாம்தான் பூச வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

வலது றெக்கை, வால், முதுகு. ஆறு மணி நேரம். முதுகும் றெக்கை மேற்புறமும் அதிகம் வெளுத்திருக்க வேண்டும், வெயில் நேராக விழும் இடம். அதற்குக் கல் உப்பு. தூத்துக்குடி உப்பை அம்மியில் ஒரு தட்டு தட்டி, றெக்கையில் தண்ணீர் தடவி, அங்கங்கே தூவிக் காயவிட்டேன். மேலே இன்னும் வெளிர்ந்த சாம்பலை மெல்ல அடித்துவிட்டு, ஓடும் தண்ணீரில் உப்பைக் கழுவினேன். ஒழுங்கில்லாத திட்டுகள். கையால் வரைந்தால் எத்தனை கவனமாக இருந்தாலும் ஒரு ஒழுங்கு வந்துவிடும். உப்புக்கு அது தெரியாது.

அக்டோபர் 8, புதன்

பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. லீவு போட்டது வீண். சக்கரங்களை மட்டும் தூரிகையால் முடித்தேன்: உள்வட்டம் பச்சை, டயர் கருப்பு அல்ல, அடர்ந்த சாம்பல்.

அக்டோபர் 11, சனி

இன்று மனசு கெட்டுப்போன நாள். டெக்கால், அதாவது சின்னமும் எண்ணும் அச்சிட்ட மெல்லிய படலம், ஒட்ட வழவழப்பான தளம் வேண்டும், இல்லாவிட்டால் அடியில் காற்று தங்கி வெள்ளி மாதிரி மினுக்கும். அதற்காக கிளியர் கோட்டு அடித்தேன். அடிக்கும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவசரம். பாதி அடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. பத்து நிமிடத்தில் றெக்கை முழுக்கச் சாம்பல் பூத்தது போல வெள்ளை. ஆறு மணி நேரம் உழைத்த பேனல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

தின்னர் ஆவியாகும்போது தளம் குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் பனி போலப் படிந்து கோட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். படித்திருக்கிறேன், அண்ணனும் சொல்லியிருக்கிறார். இருந்தும் அடித்தேன். வீட்டில் யாரோடும் பேசாமல் படுத்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் நல்ல வெயில். அண்ணன் சொன்னபடி தின்னரில் ரிட்டார்டர் கலந்து, பெயிண்ட் எதுவும் சேர்க்காமல், அந்த வெள்ளையின் மேல் பனித்துளி போல ஒரு கை அடித்தேன். கண் முன்னாலேயே கோட்டு இளகியது. உள்ளே மாட்டியிருந்த ஈரம் வெளியேறி, வெள்ளை கரைந்து, அடியில் இருந்த சாம்பல், உப்புத் திட்டு, பேனல் ஓரத்துக் கருப்பு எல்லாம் ஒன்றொன்றாகத் திரும்பி வந்தன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மாலையில் டெக்கால். விமானப்படை வட்டம்: வெளியே பச்சை, நடுவில் வெள்ளை, உள்ளே காவி. வாலில் மூவர்ணப் பட்டை. சி.யூ. என்று தொடங்கும் எண். ஒவ்வொன்றையும் தண்ணீரில் நனைத்து நகர்த்தி உட்காரவைத்து, மென்மையாக்கும் திரவம் தடவினால் பேனல் கோட்டுக்குள் இறங்கிப் பெயிண்ட் போல ஆகிவிடும். இதுவரை சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காக இருந்தது, வட்டம் ஒட்டியதும் நம் விமானமாகிவிட்டது.

அக்டோபர் 18, சனி

தெற்கு மாசி வீதியில் நடக்க முடியாத கூட்டம். துணி எடுத்துக்கொண்டு திரும்பவே நாலு மணி.

இரவு வாஷ். பழுப்பும் கருப்பும் ஆயில் கலர், டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்தது. பேனல் கோட்டின் ஒரு முனையில் தூரிகையைத் தொட்டால் போதும், அதுவாகவே ஓடிப் பரவும். காய்ந்ததும் துடைக்க வேண்டும். எப்போதும் மூக்கிலிருந்து வால் நோக்கி, காற்று போகும் திசையில். எண்ணெய்க் கசிவு மட்டும் வேறு: பறக்கும்போது கசிந்தது பின்னால் இழுபடும், நிற்கும்போது கசிந்தது நேராகக் கீழே இறங்கும். இரண்டையும் போட்டேன்.

அப்புறம் பின்குழாய். இரும்பைச் சூடாக்கினால் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். பட்டறையில் வெல்டிங் செய்த இடத்தைச் சுற்றிப் பார்க்கலாம். அதே வரிசையில் ஒவ்வொன்றாக, மூச்சு விடுகிற அளவுக்கு மெல்லிய கோட்டாக அடித்தேன். இந்த மாடலிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

பெயிண்ட் உரிந்த இடங்களையும் போட்டுவிட்டேன். றெக்கை முன்விளிம்பு முழுக்கப் பழுப்பும் வெள்ளியுமாக. வயிற்றுப் பீரங்கிக்குப் பின்னால் நல்ல கரி. பார்க்க யுத்தத்திலிருந்து வந்தது மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

மாமா வந்தார். சாப்பிட்டு முடித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மாடலைக் கையில் எடுக்காமல் மேஜையைச் சுற்றி வந்து பார்த்தார். பின்குழாய் அருகே நின்று தலையாட்டினார். அப்புறம் வலது றெக்கையைக் காட்டி, “இதுல யார் மாப்ள இந்தப் பாடு படுத்துனது?” என்று கேட்டார்.

கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். காக்பிட் மூடி வலப்பக்கமாகத் திறக்கும், அதனால் ஏணி இடப்பக்கம், பைலட்டின் பூட்ஸ் உரசுவதும் அங்கேதான். விமானம் அலுமினியக் கலவை, துருப்பிடிக்காது. உரிந்தால் வெள்ளி தெரியும், பழுப்பு எங்கிருந்து வரும்? பீரங்கி 23 மில்லிமீட்டர், இரட்டைக் குழல், 200 குண்டு. சுட்டுவிட்டு வந்தால் அன்றே சுத்தம் செய்வார்கள். “இவ்வளவு கரியோட நிறுத்தியிருந்தா வாரண்ட் ஆபீசர் எங்கள உயிரோட விட்டிருப்பாரா?”

முன்விளிம்பில் பெயிண்ட் உரிந்தால் அடுத்த நாளே டச்சப் செய்துவிடுவார்களாம். வெளுத்த சாம்பலில் புதுச் சாம்பல் சதுரம் சதுரமாக, கொஞ்சம் கறுத்துத் தெரியும். விமானம் அழுக்காக இருக்காது, கை பட்டதாக இருக்கும். நான் கை பட்டதை எங்கேயும் காட்டவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

பழுப்பு முழுக்க எடுத்தாயிற்று. கரியை டர்பன்டைன் பஞ்சால் துடைத்து, நிழல் போல விட்டேன். முன்விளிம்பில் ஐந்து இடத்தில் டேப் ஒட்டி, வெள்ளை கலக்காத சாம்பலால் சிறு சதுரங்கள். ஏணி சாயும் இடத்தில் மட்டும் வெள்ளி, கடற்பஞ்சுத் துணுக்கால் ஒற்றி எடுத்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் புள்ளி நிஜத்தில் ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நான் முதலில் போட்டதில் சில, உள்ளங்கை அகலத்துக்கு உரிந்த மாதிரி ஆகியிருக்கிறது.

அக்டோபர் 25, சனி

மேட் கோட்டு. மழை இல்லாத மதியம் பார்த்து அடித்தேன்.

சக்கரத்துக்குப் புழுதி வைக்க, அழகர்கோயில் போகும் வழியில் எடுத்த செம்மண்ணைச் சலித்து வைத்திருந்தேன். நிறம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் இந்த விமானம் கடைசி வருடங்களில் நின்றது ராஜஸ்தானில், நால் தளத்தில். மாமாவும் அந்தப் பக்கம் இருந்தவர்தான். போனில் கேட்டேன். “செவப்பெல்லாம் கெடயாது. கம்பு மாவு மாதிரி இருக்கும். காதுக்குள்ள போனா ஒரு வாரம் வராது” என்றார். செம்மண்ணை மூடி வைத்துவிட்டு, பேஸ்டல் சாக்குகளைச் சுரண்டிக் கலந்தேன். வெளிர் மஞ்சள், சாம்பல், துளி பழுப்பு. டயர் பக்கவாட்டிலும் சக்கரக் கதவின் உள்பக்கத்திலும் மட்டும்.

அக்டோபர் 26, ஞாயிறு

முடித்தாயிற்று என்று நினைத்து மாமா வீட்டுக்கு எடுத்துப்போனேன். திருமங்கலம் பஸ்ஸில் மடியிலேயே பெட்டி.

இந்தத் தடவை கையில் எடுத்துக்கொண்டார். றெக்கைக்குப் பின்னால் உடலைச் சுற்றி ஓடும் கோட்டில் கட்டைவிரலை வைத்தார். மிக்-21இல் எஞ்சினை எடுக்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் பின்னுடலையே கழற்றி இழுக்க வேண்டும். எத்தனை தடவை கழற்றினார்களோ அத்தனை தடவை அந்தக் கோட்டைச் சுற்றி ஸ்பேனரும் கையும் பட்டிருக்கும். நான் அங்கே மற்றக் கோடுகளைப் போலத்தான் வாஷ் விட்டிருந்தேன்.

“இங்க, இடப்பக்கம், ஸ்க்ரூட்ரைவர் வழுக்கிருச்சு. மொத வருசம். ரெண்டு நாள் தூங்கல நான்” என்றார். அந்தக் கீறலோடு அது பல வருடம் பறந்ததாம். டச்சப் செய்தும் சாய்வாக வெயில் விழுந்தால் தெரியுமாம்.

பையில் மெல்லிய தூரிகையும் வெள்ளிப் பெயிண்டும் இருந்தன. அவர் விரல் வைத்த இடத்தில், கோட்டுக்குக் குறுக்கே, மயிரளவு ஒரு கீறல் இழுத்தேன். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“இன்னும் ஒரு இஞ்ச் நீளமா இருந்துச்சு மாப்ள.”

இன்னும் அரை மில்லி இழுத்தேன்.