ஒரு எபிசோடுக்கு வந்தவர்கள்

பழைய அமெரிக்க காமெடித் தொடர் ஏதாவது ஒன்றைச் சொல்லு என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பெயர் எப்போதும் ‘டாக்ஸி’தான். ‘ஃப்ரெண்ட்ஸ்’ எல்லாருக்கும் தெரியும், ‘தி ஆபீஸ்’ பாதிப்பேருக்கு மனப்பாடம், கொஞ்சம் தேடிப் பார்க்கிறவர்கள் ‘சியர்ஸ்’ வரைக்கும் போயிருப்பார்கள். 1978இல் ஏபிசி சேனலில் தொடங்கி 1983இல் என்பிசியில் முடிந்த, மொத்தம் 114 எபிசோடு ஓடிய இந்தத் தொடரை மட்டும் ஏனோ ஒருத்தரும் தொடுவதில்லை. எனக்கு இதில் பிடித்ததே ஒரு எபிசோடுக்கு மட்டும் வந்துவிட்டுப் போகிறவர்கள்தான். அவர்களைப் பற்றியும் அவர்களுக்கு எழுதியவர்களைப் பற்றியும்தான் இந்தப் பதிவு.

கதை நடக்கும் இடம் நியூயார்க்கில் சன்ஷைன் கேப் கம்பெனி என்கிற ஒரு காரேஜ். எண்ணெய்க் கறை, பெஞ்சு, காபி மெஷின், ஒரு கம்பிக் கூண்டு. கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு யாருக்கு எந்த வண்டி என்று தீர்மானிக்கிற லூயி டி பால்மா, அதாவது டேனி டிவிட்டோ. முதல் எபிசோடிலேயே புதிதாக வேலைக்கு வந்த எலைன் என்ற பெண்ணிடம் அலெக்ஸ் ரீகர் என்ற டிரைவர் (ஜட் ஹிர்ஷ்) ஒவ்வொருவராகக் காட்டி அறிமுகம் செய்கிறான்: அதோ அவன் நடிகன், போனில் பேசுகிறவன் குத்துச்சண்டை வீரன், அந்தம்மா அழகு நிலையத்தில் வேலை செய்கிறாள், அவளுக்குப் பின்னால் இருப்பவன் எழுத்தாளன், நானா, நான் டாக்ஸி டிரைவர், இந்த இடத்திலேயே நான் ஒருத்தன்தான் டாக்ஸி டிரைவர். முழுத் தொடரும் இந்தப் பேச்சுக்குள் அடங்கிவிடுகிறது. அங்கே இருக்கிற எல்லாருமே தற்காலிகமாக வந்தவர்கள், நாளைக்கே கிளம்பிவிடப் போகிறவர்கள், அப்படித்தான் அவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்துக்குள் ஒரு விருந்தினர் நடிகர் நுழைந்தால் ஒட்டாமல் தெரியமாட்டார். நிரந்தரமாக இருப்பவனே விருந்தாளி மாதிரிதானே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்!

இது ஆகாயத்திலிருந்து விழுந்த யோசனை இல்லை. 1975இல் ‘நியூயார்க்’ என்ற பத்திரிகையில் மார்க் ஜேக்கப்சன் ஒரு கட்டுரை எழுதினார். கிரீன்விச் வில்லேஜில் இருந்த ஒரு டாக்ஸி காரேஜில் இரவு ஷிப்ட் ஓட்டியவர்களைப் பற்றியது. படித்தவர்கள், நடிகர்கள், எழுத நினைத்தவர்கள் எல்லாம் அங்கே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு தொடராக்கியவர்கள் நான்கு பேர்: ஜேம்ஸ் எல். புரூக்ஸ், ஸ்டான் டேனியல்ஸ், டேவிட் டேவிஸ், எட் வைன்பெர்கர். நான்கு பேரும் ‘தி மேரி டைலர் மூர் ஷோ’வில் வேலை செய்தவர்கள். அது ஒரு டிவி செய்தி அறையில் நடக்கிற தொடர், ஆபீஸ் காமெடி என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று காட்டியதே அதுதான். ஆனால் அங்கே மனிதர்கள் கொஞ்சம் பளிச்சென்று இருப்பார்கள், வேலையை விரும்பிச் செய்வார்கள். டாக்ஸியில் யாருக்கும் வேலை பிடிக்காது. எனக்கு இது இன்னும் நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

டிவிட்டோ தேர்வுக்கு வந்த கதையை எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது. அறைக்குள் நுழைந்தார், கையிலிருந்த ஸ்கிரிப்டை மேஜையில் விட்டெறிந்தார், ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒன்று தெரியவேண்டும், இந்தக் கண்றாவியை எழுதினது யார் என்று கேட்டார். எழுதியவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நொடி அமைதி, அப்புறம் சிரிப்பு, வேலை கிடைத்துவிட்டது. முதல் எபிசோடில் அந்தக் கூண்டு தரையைவிட உயரத்தில் இருக்கும். உள்ளே இருந்து எல்லாரையும் விரட்டிக்கொண்டே இருக்கிற மனிதன் கீழே இறங்கி வரும்போதுதான் ஆள் எவ்வளவு குள்ளம் என்று தெரியும். வசனமே இல்லாத நகைச்சுவை அது. பின்னால் லூயியின் அம்மாவாக ஒரு கிழவி வருவார், அவர் டிவிட்டோவைப் பெற்ற அம்மா ஜூலியாதான். லூயியின் காதலி ஸீனாவாக வந்த ரியா பெர்ல்மன், நிஜத்தில் டிவிட்டோ கல்யாணம் செய்துகொண்டவர். விருந்தினர் என்று சொன்னாலும் பாதி வீட்டு ஆட்கள்தான்!

சரி, வெளியாட்களுக்கு வருவோம். முதல் சீசனில் ரூத் கார்டன் வந்தார். பணக்கார விதவை, துணைக்கு வர அலெக்ஸுக்குக் காசு கொடுக்கிறார், அலெக்ஸுக்கு அது தர்மசங்கடம். அந்த ஒரே எபிசோடுக்காக 1979இல் அவருக்கு அமெரிக்க டிவியின் பெரிய விருதான எம்மி கிடைத்தது, அதுவும் நகைச்சுவைத் தொடரின் சிறந்த கதாநாயகி என்ற பிரிவில். வருஷம் முழுக்க வாராவாரம் உழைத்த நாயகிகள் எல்லாம் உட்கார்ந்திருக்க, ஒரே ஒரு வாரம் வந்துபோன 82 வயதுப் பாட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார். முறைப்படி பார்த்தால் கொஞ்சம் அநியாயம்தான். எபிசோடைப் பார்த்தால் எதிர்த்துப் பேச மனம் வராது.

ஆனால் வந்தவர்களில் பெரிய ஆள் கிறிஸ்டபர் லாயிட். முதல் சீசனில் லாட்கா கிராவஸ் என்கிற மெக்கானிக்கை நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது என்பதால் அவசரமாக ஒரு பொய்க் கல்யாணம் நடத்துகிறார்கள். கல்யாணம் செய்துவைக்க ஒரு பாதிரியார் வேண்டும். வருகிறவர் ஜிம், 60களில் எல்லாப் போதைப்பொருளையும் ருசிபார்த்துவிட்டு இன்னும் தரை இறங்காத ஆத்மா. ஒரே ஒரு காட்சிக்கான வேலை. ஆனால் அடுத்த சீசனில் அவரைத் திரும்பக் கூப்பிட்டு, இந்த முறை காரேஜிலேயே டிரைவராக உட்காரவைத்துவிட்டார்கள். லூயி சம்மதிக்க வேண்டுமே? ஜிம் அவன் குடிப்பதில் ஒரு மாத்திரையைப் போட்டுவிடுகிறான், லூயி பாட்டுப் பாடிக்கொண்டே சம்மதிக்கிறான்.

அந்த எபிசோடை எழுதியவர்கள் கிளென் சார்லஸ், லெஸ் சார்லஸ் என்ற அண்ணன் தம்பி. ஒருவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவர், இன்னொருவர் பள்ளியில் பாடம் நடத்தியவர். இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு டிவிக்கு எழுத வந்தார்கள். ஜிம் லைசென்ஸ் எடுக்கப் போகிறான், நண்பர்கள் கூடவே போய் விண்ணப்பத்தை நிரப்ப உதவுகிறார்கள். மனநோயா, போதைப் பழக்கமா என்று ஒரு கேள்வி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கஷ்டமாச்சே என்கிறான். அப்புறம் எழுத்துத் தேர்வு. தள்ளி நிற்கிற பாபியிடம் (நடிகன் என்று அலெக்ஸ் காட்டினானே, அவன்தான்) ரகசியமாகக் கேட்கிறான்: மஞ்சள் விளக்குக்கு என்ன அர்த்தம்? பாபி கிசுகிசுக்கிறான்: மெதுவாப் போ. ஜிம் யோசிக்கிறான். சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் கேட்கிறான், இந்த முறை மெதுவாக: மஞ்... சள்... விளக்... குக்கு... என்ன... அர்த்தம்? மெதுவாப் போ! இன்னும் மெதுவாகக் கேட்கிறான். பாபி மறுபடியும் அதையே சொல்ல, இன்னும் மெதுவாக. ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்த ஜனங்களின் சிரிப்பு ஏறிக்கொண்டே போகிறது, நடிகர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒரே வரிதான். அதை எங்கே நிறுத்துவது என்று எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, இயக்கிய ஜேம்ஸ் பர்ரோஸுக்கும் தெரிந்திருக்கிறது, லாயிடுக்கு ரொம்பவே தெரிந்திருக்கிறது. இப்போது எழுதப்படும் காமெடித் தொடர்களில் பத்து நொடிக்கு ஒரு ஜோக் வைக்கிறார்கள், இந்தத் தைரியம் யாருக்கும் இல்லை என்று முணுமுணுக்கிற வயது எனக்கு வந்துவிட்டது போலிருக்கிறது.

ஜிம்மை வைத்து அவர்கள் செய்த இன்னொரு நல்ல விஷயம், அவனை வெறும் கோமாளியாக விட்டுவிடாதது. பணக்கார வீட்டுப் பையன், ஹார்வர்டில் படித்தவன். டாம் ஹாங்க்ஸ் ஒரு எபிசோடில் அவனுடைய கல்லூரி அறைத் தோழனாக வருவார், அப்போது அவர் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஒழுங்கான மாணவனாக இருந்த ஜிம் எந்த இடத்தில் தடம் மாறினான் என்று அங்கே தெரியும். கென் எஸ்டின் எழுதிய வேறொரு எபிசோடில் எலைன் அவனைப் பெரிய மனிதர்கள் வருகிற விருந்துக்குக் கூட்டிப்போக நேர்கிறது. மானம் போகப்போகிறது என்று அவள் நடுங்கிக்கொண்டிருக்க, அவன் பியானோ முன்னால் உட்கார்ந்து தடுமாறி, அப்புறம் திடீரென்று அற்புதமாக வாசிக்கத் தொடங்குகிறான். அவனுக்கே ஆச்சரியம்: நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் போலிருக்கிறதே! இந்த ஸ்கிரிப்டுக்கு 1982இல் எம்மி கிடைத்தது, லாயிடுக்கு அந்த வருஷமும் அடுத்த வருஷமும் நடிப்புக்குக் கிடைத்தது. (இங்கே ஒரு குழப்பம் வரலாம். டாக்ஸிக்கு நிறைய எழுதியவர்களில் டேவிட் லாயிட் என்று ஒருவர் உண்டு. அவருக்கும் நடிகர் லாயிடுக்கும் உறவில்லை. ஆனால் டேவிடின் மகன் பெயரும் கிறிஸ்டபர் லாயிட், பின்னாளில் ‘மாடர்ன் ஃபேமிலி’யை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர்தான்.)

வந்தவர் தங்கிவிட்டதற்கு நேர்மாறும் நடந்தது. முதல் சீசனில் ராண்டல் கார்வர் நடித்த ஜான் பர்ன்ஸ் என்ற அப்பாவிப் பையன் நிரந்தர ஆட்களில் ஒருவன். குத்துச்சண்டை வீரனாக நடித்த டோனி டான்ஸாவும் அப்பாவி, இவனும் அப்பாவி; ஒருத்தன் வசனத்தை இன்னொருத்தனுக்கு மாற்றிக் கொடுத்தால்கூட வித்தியாசம் தெரியாது. இரண்டாவது சீசனில் ஜான் இல்லை. விடைபெறும் காட்சி எதுவும் கிடையாது, ஒரு நாள் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆண்டி காஃப்மன் கதையைச் சொல்லாமல் டாக்ஸியைப் பற்றிப் பேச முடியாது. மேடையில் அவர் செய்துகொண்டிருந்த வெளிநாட்டுக்காரன் வேஷத்தைத்தான் லாட்காவாக எழுதினார்கள். அவருக்கு இந்த மாதிரித் தொடர்கள் மேல் மரியாதை இல்லை, எல்லா ஒத்திகைக்கும் வரமாட்டார். ஒப்பந்தம் போடும்போது ஒரு நிபந்தனை வைத்தார்: டோனி கிளிஃப்டன் என்கிற பாடகருக்கும் சில எபிசோடுகளில் வேஷம் தரவேண்டும். கிளிஃப்டன் யாரென்றால் காஃப்மனேதான், ஒட்டு முகமும் கறுப்புக் கண்ணாடியுமாக. ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு ஆள் என்றுதான் எல்லாரும் நடந்துகொள்ள வேண்டும். லூயியின் சகோதரனாக அவருக்கு ஒரு வேஷம் ஒதுக்கினார்கள். ஒத்திகைக்கு இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து கலாட்டா செய்ததில், வைன்பெர்கர் அவரை வேலையைவிட்டு நீக்கி, காவலாளிகள் வந்து வெளியேற்றும்படி ஆகிவிட்டது. அந்த வேஷத்தை ரிச்சர்ட் ஃபொரோன்ஜி என்ற நடிகர் செய்தார். லாட்கா அடுத்த முறை ஒன்றுமே நடக்காத மாதிரி வேலைக்கு வந்தார். இதை மேதைத்தனம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ அன்றைக்கு வேலை கெட்டு நின்ற மற்ற நடிகர்கள் மேல்தான் பரிதாபம் வருகிறது.

லாட்காவின் ஊர்ப் பெண் சிம்காவாக வந்த கேரல் கேன்தான் இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர். முதலில் 1980இல் ஒரு எபிசோடு. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பவும் ஒன்று, அதற்கு ரூத் கார்டன் வாங்கிய அதே கதாநாயகி எம்மி. ஐந்தாவது சீசனில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டார்கள், துணை நடிகைக்கான எம்மியும் வந்துவிட்டது. இல்லாத ஒரு நாட்டின் இல்லாத மொழியில் இரண்டு பேர் சண்டை போட்டுக் கொஞ்சுவதை ஒரு சொல்கூடப் புரியாமல் பார்த்துக்கொண்டு நாம் யார் பக்கம் என்று முடிவு செய்துவிடுகிறோம் என்றால், அது இரண்டு நடிகர்களின் சாமர்த்தியம்.

1982இல் ஏபிசி தொடரை நிறுத்தியது. மூன்று வருஷம் தொடர்ந்து சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி வாங்கியிருந்தும் பார்க்கிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். கேபிள் சேனலான எச்பிஓ வாங்கப் பார்த்தது, கடைசியில் எடுத்துக்கொண்டது என்பிசி. அங்கே தலைமையில் இருந்தவர் கிராண்ட் டிங்கர், மேரி டைலர் மூர் ஷோவைத் தயாரித்த கம்பெனியை நடத்தியவர். அதே நேரம், ஆனால் நல்ல சேனல் என்று டிவிட்டோ முறைத்துக்கொண்டு சொல்கிற விளம்பரம் ஒன்று அப்போது வந்தது.

இதற்குள் சார்லஸ் சகோதரர்களும் பர்ரோஸும் சேர்ந்து தனியாக ஒரு தொடர் தொடங்கிவிட்டார்கள், அதுதான் சியர்ஸ். அதில் யார் யார் என்று பாருங்கள். டாக்ஸியில் எலைனின் தலைமுடியைப் பாழாக்கிய ஆணவம் பிடித்த சிகையலங்காரக்காரனாக வந்த டெட் டான்ஸன் பார் முதலாளி ஆகிவிட்டார். பூச்சி மருந்து அடிக்க வந்த ஜார்ஜ் வென்ட் அந்த பாரில் நிரந்தர ஸ்டூல் பிடித்துக்கொண்டார். லூயியின் காதலி ரியா பெர்ல்மன் அங்கே பரிமாறுகிறார். 1982 செப்டம்பரில் இருந்து என்பிசியில் வியாழக்கிழமை இரவு முதலில் சியர்ஸ், அது முடிந்ததும் டாக்ஸி. ஒரு தொடரில் தலைகாட்டிவிட்டுப் போனவர்கள் அதற்கு முந்தின அரைமணி நேரத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்ஸி அடுத்த வருஷமே முடிந்தது, சியர்ஸ் 1993 வரைக்கும் ஓடியது. கடைசி சீசனை எஸ்டினோடு சேர்ந்து நடத்திய சாம் சைமன், முதலில் யாரும் கேட்காமலே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பி உள்ளே வந்தவர்; பிறகு புரூக்ஸோடு சேர்ந்து ‘தி சிம்ப்சன்ஸ்’ பக்கம் போனார்.

புதிதாகப் பார்க்க நினைக்கிறவர்கள் முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு நேராக இரண்டாவது சீசனுக்குத் தாவிவிடலாம், ஜிம் வந்த பிறகுதான் வண்டி சூடாகிறது. ஐந்தாவது சீசன் மொத்தமாக எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை, ஆனால் அதில் ஒரு எபிசோடை மட்டும் விட்டுவிடாதீர்கள். எலைன் உடை மாற்றுவதை லூயி ஒளிந்திருந்து பார்த்துவிடுகிறான், மாட்டிக்கொண்டு வேலை போகிறது. திரும்ப வேலை வேண்டுமென்றால் அவள் மனம் இரங்கவேண்டும். தனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவனுக்குப் புரியவே புரியாது என்கிறாள். அப்போது அவன் தான் துணி வாங்கப் போவதைப் பற்றிச் சொல்கிறான்: பெரிய கடையில் பையன்கள் பிரிவுக்குத்தான் போகவேண்டும், குழந்தைகளும் அம்மாக்களும் வெறித்துப் பார்ப்பார்கள். டிவிட்டோ இதைச் சொல்லும்போது குரலை உயர்த்துவதில்லை, அழுவதும் இல்லை. இந்த ஆளைப் பார்த்து ஐந்து வருஷம் சிரித்திருக்கிறோம், அவன் செய்தது மன்னிக்க முடியாத காரியம், அதைக் குறைத்துக் காட்ட எழுதியவர்களும் முயற்சி செய்யவில்லை. எலைன் அவனை மன்னிப்பது சரியா என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை ஓடுகிறது. நான் சரியில்லை என்கிற கட்சி.