கூட்டுக்குத் தொட்டுக்கொள்ளச் சோறு

அலுவலகத்துக்கு நான் எடுத்துச் செல்லும் மூன்றடுக்குக் கேரியரில் அடியிலுள்ள பெரிய கிண்ணம் சோற்றுக்கு, நடுக்கிண்ணம் சாம்பாருக்கு, மேலேயுள்ள சிறியது பொரியலுக்கு என்பது பல ஆண்டுகளாக மாறாத ஏற்பாடு. எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்த பிறகு நான் செய்து பார்த்தவற்றுள் உருப்படியாகப் பலித்தது ஒன்றுதான். பெரிய கிண்ணத்தைக் காய்கறிக்கும், சிறிய கிண்ணத்தைச் சோற்றுக்கும் ஒதுக்கினேன்.

அதற்கு முன் காசும் பொறுமையும் வீணாயின. ஒரு வாரம் வெள்ளரிக்காயும் கேரட்டும் மட்டும் கொண்டுபோனேன். மாலை நான்கு மணிக்குக் கால்கள் தாமாகவே டீக்கடைக்கு நடந்தன, கையில் இரண்டு பஜ்ஜி, சில நாள்களில் மூன்று. அடுத்து, அரிசியைப் போல இரண்டு மடங்கு விலை கொடுத்துச் சாமை வாங்கினேன். நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி என்றால், சாமை, தினை, வரகு ஆகியவற்றிலும் 330 முதல் 350 வரை இருக்கிறது. நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும் என்பதெல்லாம் மெய்தான்; ஆனால் ‘சிறுதானியம்தானே’ என்று இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டால் எடை எப்படி இறங்கும்?

பிறகுதான் தராசை எடுத்தேன். மதியத்துக்கு நான் பொங்கிக்கொண்டிருந்த அரிசி 150 கிராம், அதாவது 525 கலோரி. உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தூக்கிலிருந்து கண்ணளவில் சாய்த்த எண்ணெய் தனிக்கணக்கு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி இருக்கிறது. சாம்பார், அப்பளம் எல்லாம் சேர்ந்தால் மதியச் சாப்பாடு மட்டும் 900ஐத் தாண்டிவிடும்.

இப்போது அரிசி 50 கிராம், பாசிப்பருப்பு 30 கிராம், சுரைக்காய் கால் கிலோ, தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய், அவித்த முட்டை ஒன்று, குடிக்க நீர்மோர். இத்தனையும் 500 கலோரிக்குள் அடங்குகிறது. சுரைக்காய்க்குப் பதிலாகப் புடலை, பூசணி, பீர்க்கு என எது மலிவோ அதைப் போடலாம். நீர்க்காய்கள் எல்லாம் நூறு கிராமுக்கு இருபது கலோரியை ஒட்டியவைதான். கூட்டில் தேங்காய் அரைத்து ஊற்றும் பழக்கத்தை விடுவதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. சீரகம், பச்சை மிளகாய், சின்ன வெங்காயம் மூன்றையும் நசுக்கிக் கொதியில் போட்டு, பருப்பைக் கொஞ்சம் கூடுதலாக மசித்துவிட்டால், தேங்காய் இல்லாத குறை பாதி மறைந்துவிடுகிறது. பாதிதான், முழுவதும் மறைகிறது என்று பொய் சொல்ல மாட்டேன்.

வாரத்தில் ஒரு நாள் வாழைத்தண்டு. வட்டமாக நறுக்கும்போது இழுபடும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே வந்தால் விரல் நுனியில் பஞ்சுருண்டை போலச் சேரும். நறுக்கிய துண்டுகளை மோர் கலந்த நீரில் போட்டால் கறுக்காது. இன்னொரு நாள் கீரை மசியல், அதற்கு எண்ணெயே தேவையில்லை. ஊரிலிருந்து வந்த அம்மா என் தட்டைப் பார்த்துவிட்டு, “ஏண்டி, கூட்டுக்குச் சோத்தைத் தொட்டுக்கிறியா?” என்று கேட்டார். ஆம், அதுவேதான். ஐந்து மாதங்களில் நான்கு கிலோ குறைந்திருக்கிறது.

மாதக் கடைசியில் கைகொடுப்பது கொள்ளு. அது கொழுப்பைக் கரைத்துவிடும் என்று பலர் சொல்வதை நான் நம்பவில்லை. நூறு கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருப்பதால் பசி அடங்கிக் கிடக்கிறது, எனக்கு அது போதும். ஒரு கைப்பிடியை இரவே ஊறவைத்து, காலையில் குக்கரில் ஆறு விசில் விட்டு, வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துச் சுண்டலாக்கிப் பெரிய கிண்ணத்தில் போட்டுக்கொள்கிறேன். வேகவைத்த நீரைக் கீழே கொட்டுவதில்லை. புளியும் மிளகும் பூண்டும் சேர்த்தால் அன்றைய இரவுக்கு ரசமாகிவிடும்.