பத்து நிமிடம் மல்லாந்து

பெங்களூரில் கடல் கிடையாது. அதனால் இங்கே ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று டாங்க் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவதை, கற்பவர்கள் நீச்சல் குளத்துப் பயிற்சியை ஊரிலேயே முடித்துவிட்டு, கடலுக்குப் புதுச்சேரி, முருதேஸ்வர், அந்தமான் என்று கிளம்புகிறார்கள். நான் முருதேஸ்வருக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். அதற்கு முந்தைய சனிக்கிழமை, ஜனவரிக் குளிரில், பொழுது விடியும் முன்பே அல்சூரிலிருந்து ஆட்டோ பிடித்துக் குளத்துக்குப் போனேன்.

முதலில் வேறோர் இடத்தில்தான் விசாரித்தேன். நீச்சல் தேர்வு எப்போது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார், காத்து அடைச்ச ஜாக்கெட்டே மிதக்க வைக்கும்" என்றார்கள். அங்கே சேரவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கான ஒருநாள் டைவில் பயிற்சியாளர் நம்மை விட்டு நகரவே மாட்டார், அது வேறு. ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலை ஸ்கூபா சான்றிதழ் வாங்கிவிட்டால் பயிற்சியாளர் இல்லாமல் ஒரு துணையோடு 18 மீட்டர் வரை இறங்கலாம். அப்படிப்பட்ட சான்றிதழை நீந்தத் தெரியாதவர் கையில் கொடுப்பது பெரிய தப்பு.

இந்தச் சான்றிதழைத் தரும் பாடி (PADI) என்ற ஸ்கூபா பயிற்சி அமைப்பின் விதி எளிமையானது. எந்தக் கருவியும் இல்லாமல் 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், அல்லது மாஸ்க், காலில் மாட்டும் துடுப்பான ஃபின், மூச்சுக்குழாயான ஸ்நார்க்கெல் இவற்றோடு 300 மீட்டர். நேரக் கணக்கு இல்லை, எந்த நீச்சலாக இருந்தாலும் சரி. அப்புறம் பத்து நிமிடம் மிதக்க வேண்டும்.

பவானிப் பக்கத்து எங்கள் ஊர்க் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி மாமா தள்ளிவிட்டுக் கற்ற நீச்சல் எனக்கு. 25 மீட்டர் குளத்தில் எட்டு நீளம், பெரிய சிரமமில்லை. கரையேறப் போனவனைப் பயிற்சியாளர் நிறுத்தினார். தூத்துக்குடிக்காரர், அதிர்ந்து பேசாதவர். "நீந்திக் காட்டிட்ட தம்பி. இப்ப சும்மா இருந்து காட்டு."

அதுதான் வரவில்லை. கிணற்றில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு படி இருக்கும், சும்மா இருக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. கால் கீழே போனது, பதறி உதைத்தேன், உதைக்க உதைக்க மூச்சு வாங்கியது. மூன்றாவது நிமிடத்தில் தொடை இறுகிவிட்டது.

பக்கத்தில் சிவாஜிநகர் அக்கா ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், மல்லாந்து கிடந்தார். மூக்கு, வாய், அப்புறம் மெட்டி போட்ட இரண்டு கால்விரல்கள். அவ்வளவுதான் தண்ணீருக்கு மேலே. நெஞ்சு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது.

"தலையைத் தூக்காத. காது நனையட்டும். கையைத் தலைக்கு மேல நீட்டு, கால் தானா வரும். மூச்சை முழுசா விட்டுடாம, விட்ட உடனே இழு" என்றார் பயிற்சியாளர். தலையைத் தூக்கினால் அந்த எடைக்கு இடுப்பு இறங்கும். நுரையீரல் நிறைந்திருந்தால் உடம்பு மிதக்கும். சுரைக்குடுக்கை இப்போது நெஞ்சுக்குள் இருக்கிறது என்று புரிந்ததும் கால் தானாக எழும்பியது. பத்து நிமிடம் முடிந்து விசில் ஊதியது காதில் விழவில்லை.

மதியம் டாங்கோடு இறங்கியபோது பாடம் நேர்மாறு: மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வர வர இரண்டு மடங்காக விரியும், அடக்கினால் நுரையீரல் கிழியும். அதனால், காற்று தீர்ந்து அவசரமாக மேலேறும் பயிற்சியில் "ஆ..." என்று காற்றை விட்டுக்கொண்டே போகச் சொல்கிறார்கள். குளத்தில் அதைப் படுக்கைவாட்டில் நீந்திப் பழகினோம்.

அடுத்த வாரம் முருதேஸ்வரிலிருந்து படகில் நேத்ராணித் தீவு. கடைசி டைவ் முடிந்து டாங்கைப் படகில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, அனுமதி கேட்டு, நானும் அக்காவும் கொஞ்ச நேரம் அப்படியே மல்லாந்தோம். உப்புத் தண்ணீர், போதாததற்கு வெட்சூட் என்ற மிதக்கும் ரப்பர் உடை, இறகு மாதிரி தாங்கியது. தீவுக்கு மேலே ஒரு கழுகு வட்டமடித்துக்கொண்டிருந்தது. "அந்தக் குளத்துல மிதந்துட்டோம், இது தொட்டில் மாதிரி இருக்குப்பா" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே.